இலிங்காவின் மகளுக்கு ஒரு கோட்

கோர்பேனி
9 அக்டோபர் 2005

அன்புள்ள சாஃப்தா அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம் என்று அறியவும். ஸ்பெயினில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

போன மாதமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஆரம்பிக்கும்போதெல்லாம் காசியானா விழித்துக்கொள்கிறாள். அம்மா பேனாவை எடுப்பது கைக்குழந்தைக்கு எப்படித்தான் தெரிகிறதோ. இப்போது அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவது பேச்சே இல்லை. நீ "சாப்பிட்டியா" என்கிறாய், உன் மகள் "சாப்பிட்டேம்மா" என்கிறாள், அதற்குள் உன் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது. ஃபனெல் இதைத் தன் வேனில் எத்தனை நாடு தாண்டிச் சுமந்து வந்தாலும் சரி, கடிதம்தான் பேச்சு.

ருக்சாந்தரா நன்றாக இருக்கிறாள். என் வகுப்பில்தான் இருக்கிறாள், ஆனால் பள்ளியில் என்னைச் சித்தி என்று கூப்பிட மாட்டேன் என்று அவளே முடிவு செய்து, "டீச்சர்" என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சித்தி. நடுவில் தெருவில் பார்த்தால் எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். வரும் பிப்ரவரி இருபதாம் தேதியோடு நம் ரோமா இனத்தாருக்கு விடுதலை கிடைத்து நூற்றைம்பது ஆண்டு. நீயும் நானும் இதே பள்ளியில்தான் படித்தோம், யாராவது நமக்குச் சொன்னார்களா? கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும். இந்த ருமேனிய மண்ணில் பல நூறு ஆண்டுகள் நம்மைப் பண்ணையாருக்கும் மடத்துக்கும் சொந்தமாக வைத்திருந்தார்கள். விற்றார்கள், மாற்றிக்கொண்டார்கள், பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிலோடும் பசுவோடும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "டீச்சர், இது அமெரிக்காவுலதானே? நான் படத்துல பாத்திருக்கேன்" என்றான். "இல்லடா, உங்க வீட்டுக்குப் பின்னாடி, இலிங்கா கிணத்துல" என்றேன். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அந்தக் கிணற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் அதற்கு மேல் எதுவும் நமக்குச் சொல்லவில்லை, பார்த்தாயா. யார் அந்த இலிங்கா என்று பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு வரப்போகிறார்கள். கேட்டதை வைத்து ஒரு நாடகம் போடலாம் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியை சரி என்றுவிட்டார். மற்றவர்கள் என்ன சொல்வார்களோ.

நீ எப்போது வருவாய்? கிறிஸ்துமஸுக்கா?

உன்னை முத்தமிடும் தங்கை,
சாம்ஃபிரா

*

காஸ்தெயோன்
23 அக்டோபர் 2005

என் சாம்ஃபிராவுக்கு,

கடிதம் கையில் கிடைத்த நேரத்தில் நல்ல உடம்போடு இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அசுன்சியோன் அம்மாளுக்குத்தான் கால் வீக்கம். அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நல்ல மனுஷி. என்னை "ஸோஃபியா" என்கிறார். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், நானும் ஸோஃபியாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். எட்டாவதோடு நின்றவள் நான், உன் பேச்சில் பாதி எனக்கு எட்டாது. ஆனால் என் தங்கை அந்தப் பள்ளியில் நின்றுகொண்டு அதையெல்லாம் சொல்கிறாள் என்று நினைக்கையில், இங்கே பேருந்தில் தெரியாதவர்களிடம்கூடச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இலிங்காவைப் பற்றி நம் அம்மா சொன்னது ஒன்று நினைவிருக்கிறது. பண்ணை மாளிகையில் சமையல்காரி. அவள் மகளைப் பண்ணையார் தன் பெண்ணோடு சீதனமாக ஓல்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாராம். கிணற்றடியிலிருந்து பார்த்தால் படகுத் துறைக்குப் போகிற சாலை தெரியும், அதனால் அங்கேயே வந்து நிற்பாளாம். விடுதலை அறிவிப்பைக் கோயிலில் படித்த அன்று ஊரே குடித்து ஆடியபோது, இவள் மட்டும் ஒரு ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு ஆற்றைப் பார்த்து நடந்தாளாம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அம்மாவுக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

குளிர் வருமுன் ருக்சாந்தராவுக்கு ஒரு கோட் வாங்கி அனுப்ப வேண்டும். ஒரு நூலை எடுத்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்று, தோளுக்குத் தோள் ஒன்று அளந்து, அறுத்து, கடிதத்தில் வைத்து அனுப்பு. எண் சொல்லாதே, இங்கே எண்ணெல்லாம் வேறு. நூல்தான் பொய் சொல்லாது.

உன் மாமியாருக்கு என் வணக்கம். குழந்தைக்குக் கண் படாமல் கையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாயா?

அக்கா
சாஃப்தா

*

கோர்பேனி
20 நவம்பர் 2005

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. காசியானாவுக்குக் காதில் சீழ். காய்ச்சலில் கொதித்தாள். டாக்டர் சாதாரணம் என்கிறார். அவருக்கென்ன, அவர் குழந்தையா? சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கல்லூரியில் படித்தவள் நூல் கட்டுகிறாள் என்று என் வீட்டுக்காரர் தோரு சிரிக்கிறார். சிரித்துவிட்டு, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று அவரே இழுத்துப் பார்க்கிறார்.

பிள்ளைகள் வீடு வீடாகப் போய்வந்தார்கள். பாதி வீட்டில் பிளம் ஜாம் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டார்கள். இங்கே நம் வீட்டில் என் மாமியார் பாரஸ்கீவா அத்தை ஜாம்கூடக் கொடுக்கவில்லை. அடுப்படியில் களி கிளறிக்கொண்டே பிடித்துக்கொண்டார்.

"உனக்கு வேற வேலை இல்லையா? ஏற்கெனவே நம்மள என்னென்ன பேர் சொல்லிக் கூப்புடுறானுங்க. இதுல மேடை போட்டு, மைக் வெச்சு, நாங்க அடிமைங்கதான்னு நாமளே சொல்லிக் குடுக்கணுமா?"

"வெக்கப்பட வேண்டியது நாம இல்ல அத்தை. வாங்கி வித்தவன்."

"அவன் செத்து மண்ணாப் போயிட்டான். வெக்கப்பட ஆளு இல்லன்னா அந்த வெக்கம் யார் வீட்டுக்கு வரும்? நம்ம வீட்டுக்குத்தான்."

அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் வகுப்பில் இதே கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டேன். உன் மகள் எழுந்து, "விடுதலை கெடச்ச அன்னிக்கே ஆத்துக்கு நடந்தாளே, அதச் சொன்னா யாருக்கு வெக்கம்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். நாடகத்தின் கடைசிக் காட்சி எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது. உன் கடிதத்திலிருந்து அவளுக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டியிருந்தேன். கடிதத்தை அவளே மடித்து வைத்துக்கொண்டாள்.

ஃபனெல் வெளியே ஹாரன் அடிக்கிறார். நீ வருவதைப் பற்றி எதுவும் எழுதவில்லையே.

முத்தங்களுடன்,
சாம்ஃபிரா

*

காஸ்தெயோன்
4 டிசம்பர் 2005

என் சாம்ஃபிராவுக்கு,

குழந்தை தேறியிருப்பாள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், நூல் இல்லை. காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு நீ எதை என்று நினைவில் வைப்பாய். நானே வாங்கிவிட்டேன். கிளம்பிய அன்று அவள் தலை என் நெஞ்சுக்குழி வரை வந்தது. அதற்கு மேல் நான்கு வருட வளர்ச்சிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். கடையில் கோட்டை ஹேங்கரோடு எடுத்துக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். கருநீலம், உள்ளே கம்பளி, மரப் பித்தான். விலைச் சீட்டைப் பிய்க்கவில்லை, புதிது என்று தெரிய வேண்டும் அல்லவா.

கிறிஸ்துமஸுக்கு அசுன்சியோன் அம்மாள் தனியாக இருப்பார், விட்டு வர முடியாது. ஈஸ்டருக்குப் பார்க்கலாம்.

கோட் எப்படி இருந்தது என்று எழுது.

சாஃப்தா

*

கோர்பேனி
8 ஜனவரி 2006

அன்புள்ள அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள். இந்த ஆண்டு உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

கோட் வந்தது. நிறம் அத்தனை அழகு. ருக்சாந்தரா அதைப் பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். கண்ணாடி மாதிரிப் பார்த்துக்கொள்கிறாள்.

நாடகம் உருவாகிவிட்டது. எழுதியது நான் என்று சொல்லிக்கொள்ள முடியாது, பிள்ளைகள் பேசியதைச் சேர்த்துத் தைத்தேன். ஊர் மன்றத்தில் ஒத்திகை. கல்யாணத்துக்கு வாசிக்கிற நம் பாண்டுக்காரர்கள் காசு வேண்டாம் என்று வந்திருக்கிறார்கள். "கல்யாண மெட்டு வேணுமா, சாவு மெட்டு வேணுமா?" என்று கேட்டார்கள். "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கா?" என்றேன். எக்காளக்காரர் யோசித்துவிட்டு, "அதுக்கு நாங்க கொஞ்சம் கம்மியா குடிச்சுட்டு வரணும்" என்றார். மறுநாள் அப்படியே வந்தார்கள், அக்கா. அந்த மெட்டைக் கேட்டுத் தலைமையாசிரியை வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நேற்று முன்தினம் பக்கத்து ஊர் ஆசிரியர்கள் இருவர் வந்து பார்த்தார்கள். அங்கேயும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லி அனுப்பப் போகிறார்களாம்.

ருக்சாந்தராதான் இலிங்கா. மகளாக நடிப்பது எதிர்வீட்டுச் சொரீனா, ஏழு வயது. பிரிக்கிற காட்சியில் அவள் ருக்சாந்தராவின் பாவாடையை விடவே மாட்டேன் என்கிறாள். நடிப்பு என்று சொன்னாலும் புரியவில்லை.

முத்தங்களுடன்,
சாம்ஃபிரா

*

காஸ்தெயோன்
19 ஜனவரி 2006

சாம்ஃபிரா,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளைப் பறிகொடுத்து நிற்கிற தாயாக நடிக்க உனக்கு என் பிள்ளைதான் கிடைத்தாளா? மன்றம் முழுக்க உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு யாரை நினைப்பார்கள்? இலிங்காவையா? ஸ்பெயினுக்குப் போன சாஃப்தாவைத்தான் நினைப்பார்கள். உனக்குத் தெரியாதா?

நன்றாகக் கேட்டுக்கொள். அவளிடமிருந்து மகளைப் பிடுங்கினார்கள். நான் போனேன். என் வீட்டுக்காரர் கோஸ்தி மேல் மரம் சாய்ந்து அவர் செத்த பிறகு அந்த வீட்டுக் கூரையை யார் மாற்றியிருப்பார்கள்? ருக்சாந்தரா கால் செருப்பை யார் வாங்கியிருப்பார்கள்? என்னை யாரும் சீதனமாக எழுதிக் கொடுக்கவில்லை. நானே டிக்கெட் வாங்கி நானே வேனில் ஏறினேன். ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். இரண்டையும் ஒன்றாக்காதே.

கோட் சரியாக இருந்ததா என்று நீ இன்னும் எழுதவில்லை.

சாஃப்தா

*

கோர்பேனி
5 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் நலமில்லை.

நீ சொன்னது சரி. நீ போனாய். அதைத்தான் நான் வகுப்பிலும் சொல்வேன். போகவும் திரும்பவும் உரிமை இல்லாதவர்களுக்குப் பெயர்தான் அடிமை. இலிங்காவுக்கு அந்த உரிமை கிடைத்ததும் முதல் காரியமாக என்ன செய்தாள் என்பதுதான் முழு நாடகமும். உன்னை நான் ஒரு நாளும் குறைத்து நினைத்ததில்லை. என் கல்லூரிச் செலவுக்குக்கூட நீதான் அனுப்பினாய். நான் கரும்பலகை முன் நின்று பேசுகிற ஒவ்வொரு வார்த்தையிலும் உன் கை இருக்கிறது. ஆனால் ஒன்று. அந்தப் பாத்திரத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளே கேட்டாள். ஏன் என்று கேட்டேன். ஏதோ சொன்னாள். அதை நீ வரும்போது சொல்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. கிணற்றடியில் பலகை வைக்க ஊராட்சி ஒத்துக்கொண்டுவிட்டது. முதலில் "பழைய கிணறு" என்று மட்டும் எழுதலாம் என்றார்கள். கூட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். மேயர் சிரித்துக்கொண்டே, "கண்ணுங்களா, சுற்றுலாப் பயணிங்க வந்தா சந்தோஷமா இருக்கணும் பாருங்க, எதுக்கு அடிமை கிடிமைன்னு" என்றார். சொரீனா அவரைப் பார்த்து, "மாமா, உங்க பேர எழுதாம வெறும் 'பழைய ஆளு'ன்னு உங்க வீட்டு வாசல்ல எழுதுனா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. "இலிங்கா கிணறு. பண்ணை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள்" என்று எழுதப் போகிறார்கள்.

பாரஸ்கீவா அத்தை இப்போது ஒத்திகைக்கு வருகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறாராம். நேற்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து கத்துகிறார், "ஏய், பண்ணையாரா நடிக்கிறவனே, பிள்ளையப் புடுங்கறப்ப என்னடா பல்லக் காட்டுற? அவனுங்க சிரிச்சிருக்க மாட்டானுங்க. பூசணிக்காய் எடுக்கற மாதிரி எடுத்திருப்பானுங்க."

அந்தப் பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருமுறை அப்படியே செய்தான்.

கோட்டை நாடகத்தன்று போட வைத்திருக்கிறாள். கோபம் தணிந்ததும் எழுது.

உன் தங்கை
சாம்ஃபிரா

*

கோர்பேனி
22 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முந்தாநாள் நடந்தது. மன்றத்தில் நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஜாம் கொடுத்து அனுப்பியவர்கள் முன்வரிசையில். கடைசிக் காட்சியில் பாதிரியார் வேடப் பையன் விடுதலை அறிவிப்பைப் படிக்கிறான், பாண்டு முழங்குகிறது, எல்லோரும் ஆடுகிறார்கள். ருக்சாந்தரா ரொட்டியைத் துணியில் முடிகிறாள். பிறகு மேடையின் ஓரத்துக்கு நடந்து திரைக்குப் பின்னால் போக வேண்டும். அதுதான் ஒத்திகை.

அவள் திரைக்குப் பின்னால் போகவில்லை, அக்கா. மேடையிலிருந்து குதித்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கிவிட்டாள். எக்காளக்காரர் என்னைப் பார்த்தார். நான் காசியானாவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மன்றமே பின்னால் வருகிறது. பாண்டு வாசித்துக்கொண்டே வருகிறது. சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்த ருமேனியர்கள் வண்டியை ஓரம் கட்டித் தொப்பியை எடுத்துவிட்டு நின்றார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, யாரோ பெரிய மனிதரின் சாவு என்று நினைத்திருப்பார்கள். அப்படி ஒன்றும் தப்பில்லை.

கிணற்றடியில் போய் நின்றாள். புதுப் பலகை பக்கத்தில். ஆற்றுச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பாரஸ்கீவா அத்தை முன்னால் வந்து பலகைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். பெண்கள் வீட்டுக்கு ஓடிப் பின்னல் ரொட்டியும், வேகவைத்த கோதுமையும், கையில் கிடைத்ததெல்லாமும் கொண்டுவந்து, செத்தவர்களுக்குக் கொடுப்பதுபோல் இலிங்காவின் பெயர் சொல்லித் தானம் கொடுத்தார்கள். அவளுக்கு யாருமே கொடுத்ததில்லை, பார். நூற்றைம்பது வருடப் பசி. மேயர் கையிலும் ஒரு ரொட்டித் துண்டு.

இனி வருடா வருடம் இந்த நாளில் செய்வது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நம் ஊரை நினைத்து எனக்கு இவ்வளவு பெருமை ஒருநாளும் வந்ததில்லை. நீ இருந்திருக்க வேண்டும்.

சாம்ஃபிரா

*

காஸ்தெயோன்
4 மார்ச் 2006

சாம்ஃபிரா,

ஃபனெல் வந்தார். பார்சலை இறக்கும்போதே, "உன் பொண்ணுக்கு நீ வாங்குன கோட்ட செத்தவங்களுக்குத் தானமாக் குடுத்துட்டாங்களாமே, என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். சந்தோஷமாகத்தான் கேட்டார், ஊரே பேசுகிற விஷயமாம்.

உன் கடிதத்தில் ரொட்டி இருக்கிறது, மெழுகுவர்த்தி இருக்கிறது, மேயர் இருக்கிறார். கோட் இல்லை.

கோஸ்திக்கு ஆறாம் வாரத் தானம் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? தொப்பி முதல் செருப்பு வரை புதிதாக வாங்கி அவர் வயதுக்காரன் ஒருவனுக்கு உடுத்தி, பந்தியின் தலைமாட்டில் உட்கார வைத்தோம். அவன் திரும்பியபோது ருக்சாந்தரா "அப்பா" என்று எழுந்துவிட்டாள். அதை நான் மறப்பேனா? உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வாங்கிய துணியை எப்படியடி செத்த பிள்ளை பேரில் கொடுத்தீர்கள்? அவளுக்கு என்ன ஆயிற்று? உடம்புக்கு என்ன? என்னிடம் எதை மறைக்கிறாய்? போனில் அவள் "சரிம்மா" என்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்வது?

இதை ஃபனெல் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பதில் இல்லாமல் அவர் திரும்பி வரக் கூடாது.

*

கோர்பேனி
12 மார்ச் 2006

அக்கா,

முதலில் இது: ருக்சாந்தராவுக்கு ஒன்றுமே இல்லை. இருமல்கூட இல்லை. இதை நான் எழுதும்போது முற்றத்தில் காசியானாவைத் தள்ளுவண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

கோட் பத்தவில்லை. வந்த அன்றே போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது, பித்தான் சேரவே இல்லை. அவள் இப்போது என் காது வரை வருகிறாள், அக்கா. கழற்றி, பழையபடி மடித்து, சீட்டு வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி. அவங்க கணக்கு தப்பாயிடுச்சுன்னு அழுவாங்க" என்றாள். நானும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் நிறத்தைப் பற்றியும் அலமாரியைப் பற்றியும் எழுதினேன். நூல் வைக்க மறந்தவள் நான்தானே, எந்த முகத்தோடு சொல்வேன்?

அன்று கிணற்றடியில் சொரீனா மெல்லிய நாடகச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவளைப் பார்த்தார். விறுவிறு என்று வீட்டுக்குப் போனார். அலமாரியில் புதுக் கோட், சீட்டோடு. நம் வீடுகளில் யாரும் போடாத புதுத்துணி அப்படி இருந்தால் அது எதற்கு என்று உனக்குத் தெரியும். நான்தான் இந்த நாளுக்கென்று ரகசியமாக வாங்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கொண்டுவந்து, அவ்வளவு பேர் முன்னாலும் சொரீனாவின் தோளில் போட்டு, "இது இலிங்காவோட பொண்ணுக்கு. பேரு எங்களுக்குத் தெரியல, கடவுளுக்குத் தெரியும்" என்றார். மேடை போட்டுச் சொல்லாதே என்று என்னோடு சண்டை போட்ட அதே அத்தை. அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

நான் வாயைத் திறக்குமுன் ருக்சாந்தரா சாலையிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினாள். கோட்டைப் பார்த்தாள். குனிந்து அந்த மரப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். காலரைச் சரிசெய்தாள். ஊர் அதையும் நாடகம் என்று நினைத்து அழுதது. நான் மட்டும் நாடகம் இல்லை என்று தெரிந்து அழுதேன்.

பிறகு அத்தையிடம் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சீட்டோட இருந்துச்சேம்மா. போனவங்களுக்குத்தானே அப்படி வெப்போம். உசுரோட இருக்கறவங்களுக்கு வாங்குனா அன்னிக்கே போட்டுக் கிழிக்க வேணாமா?" பாதிரியாரிடம் ஓடினோம். கெடுதல் இல்லை, பசியாறாத ஒரு பிள்ளைக்குக் குளிர் போனது, அதனால் யாருக்கும் தீங்கு வராது என்றார். அத்தைக்கு அது போதவில்லை. தினமும் ருக்சாந்தராவுக்கு இரண்டு முட்டை கொடுக்கிறார். அடுத்த வருடம் தானம் தன் செலவில் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி. இலிங்கா வேடத்தை ஏன் கேட்டாய் என்றதற்கு அவள் சொன்னது. நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், ஆனால் நீ வரும் நாளையே எழுதுவதில்லை. "எல்லாரும் ஆடுனப்ப அவ ஏன் நிக்காம நடந்தா தெரியுமா சித்தி? பொண்ணு வளந்துட்டே இருக்கும்ல. இன்னும் நாளானா பாத்தா அடையாளம் தெரியாமப் போயிடுமோன்னு பயம்."

அளவு நூலை இந்த முறையும் நான் வைக்கவில்லை. மறதி இல்லை. வந்து நீயே அளந்துகொள்.

சாம்ஃபிரா

*

காஸ்தெயோன்
30 மார்ச் 2006

என் தங்கைக்கும், பாரஸ்கீவா அத்தைக்கும், தோருவுக்கும், குழந்தைக்கும்,

எல்லோரும் நலமாக இருங்கள். உங்கள் பெயர் சொல்லி நானும் நலம்.

அந்தக் கோட்டை நினைத்து அத்தை வருந்த வேண்டாம் என்று சொல். நான் கடையில் கட்டிப் பிடித்துப் பார்த்தது என் மகளை இல்லை, எனக்கு நினைவில் இருந்த ஒரு சின்னப் பெண்ணை. அவள் இப்போது எங்கேயும் இல்லை. அந்தக் கோட் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் வருகிற நாளை எழுதாமல் விட்டது வேலையால் மட்டுமில்லை. பயம். உன் கடிதத்தைப் படித்தபோது, என் பயத்தை அவள் எனக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். அசுன்சியோன் அம்மாளுக்கு அந்த நாடகத்தை முழுக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கிணறு வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "ஸோஃபியா, நீ ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டார். என் பெயர் சாஃப்தா என்றேன். "சாஃப்தா" என்று சரியாகச் சொன்னார்.

இந்தக் கடிதம் இன்று கிளம்புகிற வேறொரு வேனில் முன்னால் வருகிறது, சனிக்கிழமை நான் ஃபனெலின் வேனில் ஏறுகிறேன். திங்கட்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவோம் என்கிறார். வீட்டு வாசலில் இறக்க வேண்டாம், கிணற்றடியிலேயே இறக்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கையில் கோட் எதுவும் இல்லை. ஒரு நூல்கண்டு இருக்கிறது.

ஒரு உதவி செய். அவளைத் தனியாக முன்னால் நிறுத்திவைக்காதே. நாடகம் போட்ட பிள்ளைகள் எல்லோரையும் அங்கே நிறுத்து, அவளை நடுவில் எங்காவது விடு. பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கை காட்டாதே.

நான் கண்டுபிடிக்கிறேன்.

அக்கா
சாஃப்தா